தலையால் அடித்த கோல்

"பனியனைக் கழற்றி கோச் மூஞ்சியில வீசிட்டுப் போனவனுக்கு வக்காலத்து வாங்கறியே, உனக்கு வெக்கமா இல்லை?"

"அசையாதீங்க டிரைவர் சார். கத்தி கழுத்துல இருக்கு."

சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முகம் முழுக்க சோப்பு நுரை. அதற்குள்ளிருந்துதான் அவ்வளவு கோபமும் வந்துகொண்டிருந்தது.

கால்பந்தில் டிரைவர் சிவப்பு அணியின் ரசிகர். சலூன்காரரோ நீல அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர். போன வாரம் ஆட்டத்தின் நடுவிலேயே நீல அணியின் ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரன் பனியனைக் கோச் மேல் வீசிவிட்டு மைதானத்தைவிட்டே போய்விட்டான். அதுதான் இன்றைய பஞ்சாயத்து.

"அத்தனை பேர் முன்னாடி கோச் அவனைத் திட்டலாமா? ரோஷம் இருக்கறவன் வேற என்ன செய்வான்?"

"ரோஷமாம் ரோஷம்! பந்து எதுன்னு சொல்லிக் கொடுத்ததே அந்தக் கோச்தான். அந்த ஒன்பதாம் நம்பர் இல்லாம உங்க டீம் இந்த வருஷம் மண்ணைக் கவ்வப் போகுது, பாரு."

"அவனைத் திரும்பக் கூப்பிடட்டும், கப்பு எங்களுக்குத்தான்."

"போனவன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும்."

"கோச் ஒரு வார்த்தை கூப்பிட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா? உங்க டீம் ரொம்ப யோக்கியமாக்கும்! அந்தக் காலத்துல ஃபைனல்ல எங்க கேப்டன் தலையால முட்டினாரே ஒரு கோல், உங்க கோல்கீப்பர் பேன்னு பாத்துட்டுதானே நின்னார்?"

அந்தக் கோல் பேச்சு வந்தாலே டிரைவர் சட்டென்று அடங்கிவிடுவார். இன்றும் அப்படித்தான். துண்டை உருவி முகத்தை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு வெளியேறினார்.

பெஞ்சில் காத்திருந்த வாத்தியார் இந்தக் கடைக்குப் புதுசு. அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, வயசானவர். விட்டுக் கொடுத்தா உன் கிரீடம் இறங்கிடுமா? வாடிக்கையாளர் மனசை நோகடிச்சா கடை உருப்படுமா?"

"வாராவாரம் இதே கூத்துதான் சார். உக்காருங்க."

அலமாரியில் இருந்த போன் அடித்தது. சலூன்காரர் சோப்புக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"சார், கொஞ்சம் அமுக்கி ஸ்பீக்கர்ல போடுங்களேன்."

வாத்தியார் அமுக்கினார்.

"மச்சான், வந்தாராடா?"

"வந்தார்டா. நீ சொல்லிக் கொடுத்த எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டேன்."

"நல்லா கத்தினாரா?"

"தெருவே திரும்பிப் பாத்துச்சு."

"கத்தினா சரி. மூச்சு வாங்கலைல்ல? இருமல்?"

"அதெல்லாம் இல்ல. கன்னம்தான் கொஞ்சம் ஒட்டியிருக்கு."



"கோச்தான் கூப்பிடணும்னு சொன்னியா? அதுக்கு என்ன சொன்னார்?"

"போனவன்தான் மன்னிப்புக் கேக்கணுமாம்."

வாத்தியார் விழித்தார். சலூன்காரர் அவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"டிரைவரோட பையன் சார், என் சிநேகிதன். டிப்போவுல அவர்தான் வேலை வாங்கிக் கொடுத்தார். எல்லார் முன்னாடியும் திட்டிட்டார்னு யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி அவர் காலடியில போட்டுட்டு வெளிநாடு போயிட்டான். மூணு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவன் சொல்லிக் கொடுக்கறதை நான் இங்க கத்தறேன். நிஜத்துல நானும் சிவப்புதான் சார். எல்லாம் என் தலையெழுத்து!"

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு வாசலைப் பார்த்ததும் நின்றது.

டிரைவர் நின்றுகொண்டிருந்தார். காதோரம் இன்னும் கொஞ்சம் நுரை.

"மூக்குக் கண்ணாடியை வச்சுட்டுப் போயிட்டேன்" என்றார். உள்ளே வந்து எடுத்தார். ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு போனையே பார்த்தார். அந்தக் குரலுக்காக அவர் ஏங்கிக் கிடந்தது முகத்திலேயே தெரிந்தது.

"அந்தக் கோல் தலையால முட்டினது இல்லப்பா. காலால அடிச்சது."

சலூன்காரர் சோப்புக் கையோடு திரும்பினார்.

"சின்னப் பையனா இருந்தப்போ அந்த மேட்சுக்கு அவனைக் கூட்டிட்டுப் போனேன். என் தோள்லயே தூங்கிட்டான். கோல் விழுந்த சத்தத்துல முழிச்சு, 'எப்படிப்பா அடிச்சார்?'னு கேட்டான். என் டீம் தோத்த எரிச்சல்ல, 'தலையால'ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அன்னிலேர்ந்து நீலம்னா அவனுக்கு உசுரு. அது தலையால முட்டின கோல்னு நம்பறவன் இந்த உலகத்துல அவன் ஒருத்தன்தான்."

"அப்போ... எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்ததுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீ முதல் தடவை அதைச் சொன்னப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் சார் வாராவாரம் வந்து என்கிட்ட சண்டை போட்டீங்க?"

"உன்கிட்ட யாருப்பா போட்டா?"

போனில் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. டிரைவர் அதன் பக்கம் குனிந்தார்.

"டேய், கோச்தான் கூப்பிடறேன். அடுத்த மேட்சுக்கு நீயே வந்து கத்துடா. இவனுக்குச் சண்டை போடவே தெரியலை."