இருவர் பேசிய பதிவு

கலந்துபோன பேச்சைக் குரல் குரலாகப் பிரித்துக் கொடுப்பது என் தொழில். ஒருநாள் காலையில் அண்ணனும் தம்பியுமாக இருவர் ஒரு பதிவோடு வந்தார்கள். பக்கவாதத்தில் பேச்சுப் போன அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று, அவள் படுத்திருந்த அறையிலேயே போட்ட சண்டை அது.

"என்னால முடியாதுன்னு முதல்ல சொன்னது யாருன்னு தெரியணும்" என்றார் தம்பி.

இரண்டு பேருக்கு மென்பொருள் மூன்று டிராக் பிரித்திருந்தது. மூன்றாவதைப் போட்டேன்.

"சண்டை போடாதீங்கப்பா. நான் எங்கயாவது போயிடறேன்."

தம்பி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அம்மா குரல். அவங்க பேசி ரெண்டு வருஷமாச்சே."

"மெஷின் ஏதோ உளறுது. அதை அழிச்சிடுங்க சார்" என்றார் அண்ணன்.

தம்பி மறுத்துப் பேசவில்லை. முதலில் சொன்னது யார் என்றும் அதன்பிறகு கேட்கவில்லை. அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன்.

மறுநாள், மீதி இரண்டையும் அனுப்புவதற்கு முன் முழுதாகக் கேட்டேன். அண்ணனின் டிராக்கில் அவர் குரல் மட்டும் சுத்தமாக இருந்தது. கத்தலுக்கு நடுவே ஓரிடத்தில் குரலைத் தாழ்த்தி, "நீ சும்மா இரும்மா" என்கிறார்.

தம்பியின் டிராக்கில், இரண்டு நொடி கழித்து, அவரும் அதையே சொல்கிறார்.