நாலு தலை இருந்தால்

“நாளையிலேருந்து கார்ல நாலு பேர் இருந்தாலும் மூணு வெள்ளி கட்டணுமாம். பேப்பர் பார்த்தியா, ஹலிஜா?” என்றார் லிம், காரை ஓட்டியபடியே.

ஹலிஜா பார்த்திருந்தாள்.

இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த நாளில் சிங்கப்பூரில் காலை வேளையில் நகரத்துக்குள் கார் நுழைந்தால் வெள்ளியில், அதாவது டாலரில், கட்டணம். நாலு பேர் இருந்தால் இலவசம். அதனால் பெரிய மனிதர்களெல்லாம் தோ பாயோ பஸ் நிறுத்தத்தில் காரை ஓரங்கட்டி, எத்தனை ஆள் வேண்டுமென்று விரலைக் காட்டுவார்கள். லிம் மூன்று விரல் காட்டுவார். நகர மையத்து ஷெண்டன் வே அலுவலகம் ஒன்றில் தரை துடைக்கும் ஹலிஜாவும், தட்டச்சு வேலை பார்க்கும் சுவீ லானும், அவள் தங்கையும் ஏறிக்கொள்வார்கள். ஒன்பது வருடம் இப்படியே ஓடியது. காசு அவருக்கு மிச்சம், பஸ்ஸில் இடிபடுவது இவர்களுக்கு மிச்சம். என்ன அருமையான காலம் அது! ஹலிஜா கொண்டுவரும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை நாலு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். லிம் பாட ஆரம்பித்தால் சகோதரிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

இனி பஸ்தான். முதல் இரண்டு பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. எட்டு மணி தாண்டினால் ஹலிஜாவுக்கு வேலை போய்விடும். மேற்பார்வையாளர் ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்திருந்தார்.

சகோதரிகள் முதலில் இறங்கிக்கொண்டார்கள். ஹலிஜா இறங்கும் இடம் வந்ததும் லிம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நாளைக்கும் அங்கேயே நில்லு. மூணு வெள்ளிதானே, நான் கட்டிக்கிறேன். எப்படியும் ஆபீஸ் வர்றவன்தானே நான்?”

“வேணாம், மிஸ்டர் லிம். இத்தனை நாள் என் தலைக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு, ஏறினேன். இனிமே ஏறினா அது தர்மம்.”

“அப்படியெல்லாம் நினைக்காதே.”

“காசு உள்ளவங்க கொடுத்துட்டுப் போயிடுவீங்க. எங்க பாடு வேற.”

அவர் முகம் தொங்கிப்போயிற்று. ஹலிஜா கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.

ஆனால் வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒன்பது வருடம் ஏற்றி வந்த மனிதரிடம் இப்படியா முகத்திலடித்த மாதிரி பேசுவது? சாப்பாட்டு வேளையில் இரண்டு தெரு தள்ளியிருந்த அவர் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனியைத் தேடிப் போனாள். மன்னிப்புக் கேட்டுவிட்டால்தான் சோறு இறங்கும் போலிருந்தது.

வரவேற்பில் இருந்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மேனேஜர் லிம்மா? அவர் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சே!”