பன்னிரண்டாவது செல்

காலையிலிருந்து பதினோரு நரம்புச் செல்கள் கிழிந்து வீணாகிவிட்டன. மாலையில் ஆய்வுக்கூடக் கருவி அடுத்தவர் கைக்குப் போய்விடும். பன்னிரண்டாவது செல்லின் மேல் கண்ணாடி ஊசியின் நுனியை இறக்கி, அதன் ரப்பர் குழாயை உதட்டில் வைத்துச் செண்பகம் மெல்ல உறிஞ்சினாள். உறிஞ்சுவது குறைந்தால் ஊசி ஒட்டாது, கொஞ்சம் கூடினால் சவ்வு கிழியும். இது ஒட்டிக்கொண்டது. குழாயை வாயிலிருந்து எடுக்கவே பயமாயிருந்தது. நுனிக்குள் அகப்பட்ட, சவ்விலுள்ள ஒற்றை வாசல் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே நுழைந்தால், திரையில் மின்னோட்டக் கோடு ஒரு படி இறங்கும். கோடு கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவளுக்குக் கழுத்து விண்விண்ணென்று தெறித்தது.

கதவருகே ஆய்வுக்கூட உதவியாளன் ரூபஸ் அவளுடைய போனைக் காதில் வைத்தபடி நின்றான். "அக்கா, உங்கம்மா. பாப்பா காலையிலேருந்து புட்டிப்பால வாயில வைக்க மாட்டேங்குதாம். கிளம்பிட்டீங்களான்னு கேக்குறாங்க."

கொஞ்சம் பொறு என்பதுபோல் அவள் ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள். அவன் போனை அவள் பக்கம் நீட்டினான். மூன்று மாத மகளின் அழுகை, அழுது அழுது கம்மிப்போன குரலில், ஆய்வுக்கூடத்துக்குள் வந்தது. செண்பகம் திரையையே பார்த்தாள். கோடு அசையவில்லை. குர்தாவின் இடப்பக்கம் பால் கசிந்து வெதுவெதுப்பாக வயிறுவரை இறங்கியது. உதடுகள், அவளைக் கேட்காமலே, குழாயைப் பலமாக இழுத்தன.