இரண்டாவது மணல் டோம்

“வாயை நல்லாத் திறங்க. வலிக்காது.”

பல் மருத்துவர் இதைச் சொன்னது நோயாளியிடம் அல்ல. ஒரு நீராவி எஞ்சினிடம். மாலையில் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறியதும், தாம் செய்துவரும் முழங்கை நீளப் பித்தளை எஞ்சினைச் சாய்வு நாற்காலியில் கிடத்தி, விளக்கைத் தாழ்த்தி, அதன் முகப்பிலுள்ள புகைப்பெட்டிக் கதவைத் திறந்து பார்ப்பது அவருடைய மாறாத வழக்கம். பல்லைக் குடையும் கருவியால் பித்தளையைக் குடைவார். கோணல் பல்லை நிமிர்த்தும் கம்பி அவர் கைப்பட்டால் எஞ்சினின் குழாயாகிவிடும். இந்த நாற்காலியில் படுத்து இதுவரை அலறாதது எஞ்சின் ஒன்றுதான் என்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

அன்று அருகில் இன்னொருவரும் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. ஊரின் மாதிரி ரயில் சங்கத்துக்குத் தலைவர். போதாக்குறைக்கு, மருத்துவரின் மகளைத் தம் மகனுக்கு மணமுடித்த சம்பந்தி. மறுநாள் மாலை ரயில் நிலையத்துக் கண்ணாடிப் பேழையில் சங்கத்தின் சார்பாக ஓர் எஞ்சின் வைக்கப்பட இருந்தது. தலைவர் தலையை அசைத்தால் மருத்துவரின் நெடுநாள் உழைப்பு பேழைக்குள் போகும். அசைக்காவிட்டால் பரணுக்குப் போகும்.

தலைவர் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

“புகைபோக்கி சரி. அதுக்குப் பின்னால மணல் டோம். சக்கரம் வழுக்கினா, இதுல இருக்கிற மணல் பைப் வழியா இறங்கித் தண்டவாளத்துல விழணும். சரி. அந்தப் பக்கம் நீராவி டோம். பாய்லர்ல மேல ஏறி வர்ற நீராவியைத் தண்ணி கலக்காமப் பிடிச்சுக் குடுக்கிற இடம். அதுவும் சரி. விசில் ரொம்ப அழகு. ஆமா, ரெண்டுக்கும் நடுவுல இதென்ன சம்பந்தி, இன்னொரு மேடு?”

“அது இன்னொரு மணல் டோம்.”

“ஒரு எஞ்சினுக்கு ரெண்டா?”

“மலைப்பாதை வண்டி. வழுக்கல் ஜாஸ்தி. அதனால மணலும் ஜாஸ்தி.”

“இருக்கட்டும். இந்தப் பைப் ஏன் சக்கரம் வரைக்கும் போகாமப் பாதி வழியிலயே சுருண்டு நிக்குது? மணலை யார் தலையில கொட்டறதா உத்தேசம்?”

“படத்துல அப்படித்தான் இருக்கு. நானும் அப்படியே வெச்சேன்.”

அந்த எஞ்சினுக்கு அவர்களுக்குக் கிடைத்திருந்தது ஒரே ஒரு பழைய புகைப்படம். பனி மூடிய காலையில், கொட்டகையில் ஓய்வாக நிற்கிறது எஞ்சின். பாய்லரின் முதுகில் கரியதாய் ஓர் உருண்டை மேடு. அதிலிருந்து பக்கவாட்டில் தொங்கி, நுனியில் சுருளும் ஒரு குழாய்.

தலைவர் படத்தை விளக்கடியில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“கள்ள முத்திரை எத்தனை பிடிச்சிருப்பேன், என் கண்ணு பொய் சொல்லாது. இது பின்னால வரைஞ்ச மை. டோமைத் தப்பா வெச்சிட்டீங்க. மாட்டிக்காம இருக்கப் படத்துலயும் வரைஞ்சிட்டீங்க!”

மருத்துவர் கையிலிருந்த இடுக்கியை மேசையில் வைத்தார்.

“சம்பந்தி! நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன்னு சொல்லுங்க, தாங்கிக்கிறேன். படத்துல கை வெச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

“இங்க மட்டுமா? நாளைக்குச் சங்கத்துலயும் சொல்லத்தான் போறேன்.”

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள்.

“அப்பா! மாமா! மயக்க மருந்து குடுக்காமலே யாருக்கோ பல்லைப் பிடுங்கறீங்களான்னு பக்கத்துக் கடைக்காரர் கேக்கறார். ஒரு மணல் டப்பாவுக்கா இவ்வளவு ரகளை?”

“டப்பா இல்ல, டோம்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

மறுநாள் நண்பகலில் தலைவர் மறுபடி வந்தார். முந்தைய நாள் வந்த மிடுக்கு இல்லை. சொத்தைப் பல்லைக் காட்ட வந்தவரைப்போல வாசலிலேயே தயங்கி நின்றார்.

“உள்ள வாங்க. வரைஞ்ச மையைக் கைப்பத்த வந்தீங்களா?” என்றார் மருத்துவர், திரும்பிப் பார்க்காமலே.

“குத்திக் காட்டுங்க, எனக்கு வேணும். காலையில நேரா அந்தப் படத்தை எடுத்த போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். பழைய பிலிமைப் பாத்து உங்களைக் கையும் களவுமாப் பிடிக்கலாம்னு நெனச்சேன். பிலிம்லயே அந்த மேடு இருக்கு சம்பந்தி. பைப்பும் இருக்கு. சுருளும் இருக்கு. நான் பேசினது பெரிய தப்பு.”

மருத்துவரின் நெஞ்சு நிமிர்ந்தது. மகள் பக்கம் திரும்பினார். “கேட்டியாம்மா? ரெண்டாவது மணல் டோம்! நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன், உன் மாமா கேட்டாரா?”

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அதே பிலிம்ல, அதுக்கு அடுத்தாப்ல எடுத்த படம் ஒண்ணும் இருந்துது. பிரிண்ட் போட்டு வாங்கிட்டு வந்தேன். நீங்களே பாருங்க.”

மருத்துவர் வாங்கிப் பார்த்தார். அதே கொட்டகை, அதே எஞ்சின். புகைபோக்கி அதன் இடத்தில் இருந்தது. நீராவி டோம் அதன் இடத்தில் இருந்தது. இரண்டாவது மணல் டோம் மட்டும் கீழே இறங்கி வந்து, குழாயைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு, ஓட்டுநரின் தட்டில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

“படத்துல இருந்ததை ஒரு முடி பிசகாம நீங்க செஞ்சிருக்கீங்க. பேழைக்குள்ள இதுதான் போகும், சங்கத்துல எல்லார் முன்னாலயும் மன்னிப்பும் கேட்டுக்கிறேன்” என்ற தலைவர், மேசையிலிருந்த இடுக்கியால் இரண்டு பித்தளைத் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, அந்தப் பூனைக்குத் தம் கையாலேயே காது வைக்கத் தொடங்கினார்.