மூன்றாவது ஓலை

மழை பிடித்துக்கொண்டதும் படகோட்டி வேலப்பன் வள்ளத்தைத் தென்னையில் கட்டிவிட்டார்.

"மழ விடட்டு மோளே. இப்ப எடுத்தா வள்ளம் மறிஞ்சிரும்."

சுஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பூவாறு தீவிலிருந்து கரைக்கு வள்ளம், கரையிலிருந்து பாளையத்துக்கு பஸ். மாலைப் பூசை முடிவதற்குள் கத்தீட்ரலில் போய் நின்றாக வேண்டும்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார். இரண்டு வாசித்தாயிற்று. இன்றும் யாரும் வாய் திறக்காவிட்டால் வருகிற வியாழக்கிழமை பிரஜினுக்குக் கல்யாணம்.

அந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. என்ன தடை என்று சுஜா வீட்டில் சொல்லியும் பார்த்தாள். அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். கேட்டதோடு சரி.

இன்றைக்குப் பார்த்துச் சித்திக்குத் தீவு பார்க்கும் ஆசை வந்திருக்கிறது! தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சிப்ஸ் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தாள். கேமராவில் ஃபிலிம் நனைந்துவிடுமே என்பதுதான் அவள் கவலை.

மழை சற்று வெறித்தது. சித்தி கடைசிப் பிள்ளையைக் கழுவிவிடப் போனாள்.

சுஜா வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேலப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்தார். நல்ல மனுஷன்.

நடு ஆற்றில் மழை மறுபடி அடித்தது. வள்ளம் ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் ஏறியது. இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டினாள். பின்னால் சித்தி கத்துவது கேட்டது. திரும்பவில்லை. போய்ச் சொல்லாமல் சாக அவளுக்கு மனசில்லை.

பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கத்தீட்ரலின் பழைய கோபுரம் மழையில் பாதிதான் தெரிந்தது. ஓடினாள்.

உள்ளே சாமியார் வாசித்துக்கொண்டிருந்தார். பிரஜின் பெயர் முடிந்துவிட்டது.

தண்ணீர் சொட்டச் சொட்ட நடுப்பாதையில் நடந்தாள்.

"வேதமாணிக்கம் மகள் சுஜா" என்று வாசித்து நிமிர்ந்தார் சாமியார்.

முன்வரிசையில் அம்மா திரும்பிப் பார்த்து முக்காட்டைக் கடித்துக்கொண்டாள். பெண் தன் ஓலையைத் தானே கேட்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதற்குத்தான் தீவு, சிப்ஸ், கேமரா எல்லாம்.

"தடசம் உண்டு, ஃபாதர்" என்றாள் சுஜா. "பொண்ணுக்கு சம்மதமில்ல."