புத்தகமா, மெஷினா?

“கை வைக்காத தமிழு! சரஸ்வதி பூஜைக்கு வச்ச புத்தகத்த நாளைக்குத்தான் எடுக்கணும்.”

ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் தோல் வெட்டும் நவநீதன், பூஜை அலமாரியை மறித்து நின்றார். மகள் தமிழினிக்கு அழுகை முட்டியது. விடிந்தால் ராணிப்பேட்டையில் நர்ஸ் வேலைக்கு நேர்முகத் தேர்வு. படிக்க வேண்டியதெல்லாம் பட்டுத்துணிக்கு அடியில் இருந்த இ-புக் ரீடரில் இருந்தது.

“அது புத்தகமே இல்லப்பா!”

“இன்னாம்மா பேசுற? இருநூறு புத்தகம் இதுல அடங்கும், மூட்டை தூக்க வேணாம்னு சொல்லித்தானே வாங்குன?”

“புத்தகம்னா ஓரத்துல பேனாவால எழுதலாம். இதுல தமிழ் எழுத்தே கட்டம் கட்டமாத்தான் வருது. சார்ஜ் தீந்தா வெறும் பலகை. இது மெஷின்ப்பா, மெஷின்!”

“மெஷின்னா ஆயுத பூஜை. அதுக்கும் இன்னிக்கு லீவுதான்.”

“காலையிலேர்ந்து மிக்ஸி ஓடுதே, அதுக்கு மட்டும் லீவு கிடையாதா?” என்று சமையலறையிலிருந்து அம்மா சம்பூர்ணம் குரல் கொடுத்தாள்.

நவநீதன் சமையலறைப் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்துத் தமிழினி துணியை விலக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்த ரீடரை வெடுக்கென்று எடுத்தாள். அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது.

“அப்பா... இன்னா இது?”

நவநீதன் தலையைக் குனிந்துகொண்டார்.

“காலைல நானும் மெஷின்னுதாம்மா நெனச்சேன். பூஜைக்கு வைக்கணும்னு கத்தி, கத்தரி, வண்டியோட சேத்து இதையும் சோப்பு போட்டுக் கழுவிட்டேன்.”