சுவரைப் பார்த்த பக்கம்

“ஒரு காலிக் கூட்டுக்கு முதல் பரிசாம்! தூரிகையே தொடாம ஜெயிக்கிறதெல்லாம் இங்கதான் நடக்கும்!”

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. பரிசு வேறு யாருக்காவது போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். போனது ஓரகத்திக்கு. ஒரே வீட்டில் மாடியில் இவள், கீழே அவள். பொறாமை என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். நியாயம் கேட்பதாக நினைப்பு.

மனிதர்களால் மறைந்துவரும் பறவைகளுக்கான கலைக் கண்காட்சி அது. மூத்தவள் சுவரளவு கேன்வாஸில் பறவைக் கூட்டத்தையே பறக்கவிட்டிருந்தாள். மாதக்கணக்கில் உழைத்தாள். வரைய வெளிச்சம் போதவில்லை என்று, ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்த மரத்தைக்கூட வெட்டவைத்தாள். கிடைத்ததென்னவோ ஆறுதல் பரிசு.

இளையவள் மாட்டியிருந்தது வெறும் மரச்சட்டம். நடுவில் ஒரு கூடு. கீழே ‘வீடு காலி’ என்று ஓர் அட்டை.

“இந்தக் கூடு எங்கேம்மா கிடைச்சது?” என்று இளையவளைக் கேட்டார் நடுவர்.

“தெருவுல கிடந்துச்சு சார்.” தலையைக் குனிந்துகொண்டாள்.

மூத்தவளுக்கு அது போதும்.

“பொய் சார்! இது இவளே கட்டினது. எடுத்துத் திருப்பிப் பாருங்க, குட்டு வெளிப்பட்டுடும்.”

“அக்கா, வேணாம்கா. வீட்ல போய்ப் பேசிக்கலாம்.” இளையவள் கையைப் பிடித்தாள். மூத்தவள் உதறினாள்.

நடுவர் கூட்டை மெல்லத் திருப்பினார். பின்பக்கம் புல்லோடு புல்லாகத் துணி நூல்கள் பின்னிக் கிடந்தன.

“பாத்தீங்களா! எந்தப் பறவை துணியில கூடு கட்டுது?” ஹாலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“கட்டும்மா. கிடைக்கிறதை வெச்சுக் கட்டும். ஆனா இதென்ன, நூல்ல பெயின்ட் ஒட்டியிருக்கு?”

மூத்தவள் எட்டிப் பார்த்தாள். நீலமும் இல்லாத, பச்சையும் இல்லாத ஒரு நிறம். எந்தக் கடையிலும் கிடைக்காது, அவளே குழைப்பது. அவள் படத்தில் வானம் முழுக்க அந்த நிறம்தான். தூரிகை துடைத்த துணியை ஜன்னல் கம்பியில்தான் காயப்போடுவாள்.

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“உண்மையைச் சொல்லும்மா, எங்கேருந்து எடுத்த?” நடுவர் இளையவளை விடவில்லை.

“தெருவுலதான் சார்.”

அவர் நகர்ந்ததும் இளையவள் மூத்தவளின் காதருகே வந்தாள்.

“மரத்தை வெட்டிச் சாய்ச்ச அன்னிக்கு எடுத்தேன்கா. உங்க நிறம் யார் கண்லயும் படக்கூடாதுன்னுதான் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வெச்சிருந்தேன்.”